நபர் ஏழு கை தூக்கவும்

என் தங்கைக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். இதுவரை அவள் வாதாடி யாரையும் காப்பாற்றியதில்லை. ஆனால் "எதுக்கு?" என்று அவள் கேட்க ஆரம்பித்தால், கேட்கப்பட்டவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டுப் போவார். பல் முளைக்கும் முன்பே அவளுக்கு அந்தக் கேள்வி முளைத்துவிட்டதாக அம்மா சொல்வாள்.

அவளுடைய பள்ளியில் ஒரு விதி உண்டு. இறுதியாண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதை ஒரு குழுவின் முன்னால் நின்று விளக்க வேண்டும். குழு தலையாட்டினால்தான் படிப்பை முடித்த சான்றிதழ். தலையாட்டாவிட்டால் அடுத்த ஆண்டு மாணவர்களோடு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து. அதாவது, தோழிகள் எல்லோரும் கல்லூரிக்குப் போய்விட, இவள் மட்டும் இத்தனை நாள் தன்னை 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்ட கூட்டத்தின் நடுவே பெஞ்சில் இடம் கேட்டு நிற்க வேண்டும். வக்கீலுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

மற்றவர்கள் புத்திசாலிகள். எரிமலை செய்தார்கள். அந்த வகுப்பில் மட்டும் நான்கைந்து எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. சூரிய அடுப்புகளும் இருந்தன, ஒன்றிலும் தண்ணீர்கூடச் சூடாகவில்லை. வக்கீல் மட்டும் தலைமையாசிரியையின் உரை நீள்வதற்கும் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் மயங்கி விழுவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்வதாக எழுதிக் கொடுத்தாள். தலைப்பு நிராகரிக்கப்பட்டது. அடுத்து, ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தைப் படிக்காமலே 'சரி' போடும் வேகம் பற்றி. அதுவும் நிராகரிக்கப்பட்டது, கொஞ்சம் கூடுதல் வேகத்தில்.

அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் உயிரியல் மிஸ். நல்ல மனிதர். தவளையைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு அறுப்பவர்.

"இதான் கடைசி வாய்ப்பும்மா," என்றார். "இந்தத் தடவையாவது பள்ளிக்கூடத்துக்கு வெளியில ஏதாவது பாரு. எங்க பிழைப்புல மண்ணப் போடாத."

வக்கீல் வெளியே பார்த்தாள். வெளியே எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. அதற்குள் ஒரு லிஃப்ட் இருந்தது.

அந்த லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மேலே போவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு சின்னக் குடும்பச் சண்டையை ஆரம்பித்துச் சமாதானமும் ஆகிவிடலாம். உள்ளே இரண்டு பேர் இருந்தால் பேசியாக வேண்டும். "அப்புறம்?" என்று ஒருவர் கேட்பார். "நீங்கதான் சொல்லணும்" என்பார் இன்னொருவர். பிறகு இருவரும் மாடி எண்கள் மாறுவதை, தேர்தல் முடிவைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த அவஸ்தைக்குப் பயந்து எங்கள் கட்டடத்து மக்கள் ஒரு கலையை வளர்த்து வைத்திருந்தார்கள். யாராவது வருவது தெரிந்தால், தெரியாத மாதிரி, கதவை மூடும் பட்டனை அமுக்கிவிடுவது.

வக்கீலின் ஆராய்ச்சி இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் வருவதைப் பார்த்தும் கதவை மூடுகிறவர்கள் யார், எப்படி, எத்தனை தடவை?

கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு நீல நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். மடியில் கணக்குப் புத்தகம். பார்ப்பவர்களுக்கு, வீட்டில் சத்தம் தாங்காமல் கீழே வந்து படிக்கும் பிள்ளை. ஆனால் லிஃப்டின் பின்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. பட்டன்களை நோக்கிப் போகும் விரல் அந்தக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். உள்ளே நிற்பவருக்கு இது தோன்றவே தோன்றாது. அவர் கண்ணாடியில் தன் தலைமுடியைத்தான் பார்ப்பார்.

முதல் வாரம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். குறைந்தபட்சம் வீட்டில் அப்படி நம்புகிறார்கள்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் குடுத்திருக்கேன்ணா. பேரு கிடையாது. நபர் ஒண்ணு, நபர் ரெண்டு, அப்படி."

"நபர் ஒண்ணு என்ன பண்றார்?"

"யாராவது வந்தா வராத போன எடுத்துப் பேசுவார். 'ஹலோ, சொல்லுங்க'ன்னுக்கிட்டே மூடிருவார்."

"பல் டாக்டர்தானே?"

"சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி ஒழுக்கம்."

"போனைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாரா?"

"…ஆமா."

"பல் டாக்டரேதான். சரி, இருக்கிறதுலேயே மோசம் யாரு?"

வக்கீல் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நபர் ஏழு. மத்தவங்க எல்லாம் சாதாரணத் திருடங்கண்ணா. இவரு கலைஞர். யாராவது ஓடி வந்தா இவரோட வலது கை, கதவைத் தடுக்கப் பாயற மாதிரி வெளியில நீளும். முகத்துல அப்படி ஒரு பதட்டம். வாய் 'அடடா, அடடா'ங்கும். ஆனா கண்ணாடில பாத்தா, இடது கை கட்டை விரல் மூடற பட்டன்ல ஊன்றி நிக்குது. கதவு மூடற வரைக்கும் எடுக்கறதே இல்ல. இதுல பெரிய விஷயம் என்னன்னா, அவருக்கே அது தெரியல. நிஜமாவே வருத்தப்படறாரு."

அப்போது வாசல் கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"பாவம், பாட்டு டீச்சர். கையில ரெண்டு பை வேற. ஓடி ஓடி வந்தாங்க. நான் கையை நீட்டறேன், நீட்டறேன், கதவு மூடிக்கிச்சு. இந்த லிஃப்டுக்குக் கொஞ்சம்கூட ஈவு இரக்கமே இல்ல."

வக்கீல் என்னைப் பார்க்காமல், பென்சிலை எடுத்து, நபர் ஏழுக்கு நேரே இன்னொரு கோடு போட்டாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். யாரும் போட்டியிடாததால் ஒவ்வொரு ஆண்டும் பெரும் வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். அவருக்குப் பிடித்த காரியம் அறிவிப்பு எழுதுவது. தண்ணீர் வராது என்று அறிவிப்பு எழுதுவார். வந்த பிறகு, வந்துவிட்டது என்று எழுதுவார். மாடிப்படியில் ஒரு பூனை உறங்கிக்கொண்டிருந்தபோது, பூனையைத் தாண்டிச் செல்வோர் கவனத்துக்கு என்று எழுதினார். பூனை எழுந்து போன பிறகும் அது கொஞ்ச நாள் தொங்கியது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கேட்டார். "என்ன கண்ணு ஆராய்ச்சி? ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்லலியே?"

"லிஃப்ட்ல ஜனங்க எப்படி நடந்துக்கறாங்கன்னுபா. வேற யாராவது வந்தா கதவை மூடறாங்களா, திறந்து வைக்கறாங்களான்னு."

"அப்படியும் மூடறாங்களா என்ன?" அப்பாவுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "நம்ம கட்டடத்துலயா?"

அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு அப்பாவின் தட்டில் இறங்கியது. அம்மாவுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை நாங்கள் கீழே இறங்கும்போது, லிஃப்டுக்குப் பக்கத்தில், பூனை அறிவிப்பு தொங்கிய அதே இடத்தில், புதிய காகிதம்.

*குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு. நமது சங்கச் செயலாளரின் (என்னுடைய) மகள், லிஃப்டில் இருப்போர் பிறர் வருவதைக் கண்டும் கதவை மூடுகிறார்களா என்பது குறித்து உயர்தர ஆராய்ச்சி ஒன்றை மேற்கொண்டுள்ளார். ஆராய்ச்சியாளர் கீழ்த்தளத்தில் நீல நாற்காலியில் அமர்ந்து அனைவரையும் கவனிப்பார். ஆராய்ச்சி வெற்றி பெற அனைவரும் முழு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.*

வக்கீல் அதை இரண்டு தடவை படித்தாள். அவள் வாயிலிருந்து 'எதுக்கு?' கூட வரவில்லை.

ஒத்துழைப்பு என்றால் அப்படி ஒரு ஒத்துழைப்பு. அன்று காலை லிஃப்ட் முக்கால்வாசி நேரம் கீழ்த்தளத்திலேயே திறந்து கிடந்தது. பல் டாக்டர் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, தெருமுனையில் வந்துகொண்டிருந்த ஒருவருக்காகக் காத்திருந்தார். அவர் எங்கள் கட்டடமே இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் மேலே குடியிருக்கிறார். அவர் உள்ளே நின்று, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், நிறுத்து" என்று ஆட்களைப் பின்னால் எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். பாட்டு டீச்சர், "நீங்க முன்னாடி போங்க" என்று சொல்ல, எதிரில் நின்றவர், "ஐயோ, நீங்க போங்க" என்று சொல்ல, இருவரும் போகாமல் லிஃப்ட் மட்டும் போய்விட்டது. ஒவ்வொருவரும் தன் தியாகத்தை முடித்ததும் நீல நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, எழுதிக்கொண்டாளா என்று உறுதி செய்துகொண்டு போனார்கள்.

"நல்லாத் தெரிஞ்சுதா பாப்பா?" என்று மாஸ்டர் கேட்டார். "வேணும்னா இன்னொரு தடவை பண்றேன்."

அந்த வாரம் முழுக்க வக்கீலின் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. வார இறுதியில் அப்பா சந்தோஷமாக எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர்கூட மூடலையா? பாத்தியா! ஆராய்ச்சி அமோக வெற்றி!"

வக்கீல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் ஒருவர் முகத்துக்கு நேராக மூடப்பட்ட ஒரே கதவு அதுதான். அப்பா என்னைப் பார்த்தார். "நான் என்னடா தப்பா சொன்னேன்?"

நான் உள்ளே போனேன். அவள் படுக்கையில் குப்புறக் கிடந்தாள்.

"எல்லாம் போச்சுண்ணா. இவங்க எல்லாம் நல்லவங்களாயிட்டாங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் ஆனதற்கு ஒருவர் அழுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"இதுக்கு ஏன் அழற? ரெண்டாவது வாரக் கணக்க நான் எழுதித் தரேன். முதல் வாரம் மாதிரியே, அங்க இங்க ரெண்டு கோடு மாத்தி. எவன் வந்து எண்ணப் போறான்?"

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நீ புள்ளியியல் படிக்கிறியா, திருட்டுப் படிக்கிறியா?"

"முதல் வருஷம் ரெண்டுக்கும் ஒரே பாடம்தான்."

"வேணாம்ணா. இவங்க பொய்யா நல்லவங்களா இருக்காங்கன்னு சொல்லிட்டு, நான் பொய்யா கோடு போட்டா எப்படி?"

திங்கட்கிழமை உயிரியல் மிஸ் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று நிறையக் கோடுகள். இன்னொன்று துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை.

"இதை எப்படிம்மா குழு முன்னாடி வைக்கறது?"

"இருக்கிறபடி வைக்கலாம் மிஸ். ஆனா ஒரு கேள்வி மாத்திக்கறேன். கதவ யாரு மூடறாங்கன்னு கேக்கல. யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சதால வந்த நல்ல குணம் எவ்வளவு நாள் தாங்கும்னு கேக்கறேன்."

மிஸ்ஸுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. தவளை உயிரோடு எழுந்து உட்கார்ந்த மாதிரி முகம் மலர்ந்ததாக வக்கீல் வந்து சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் நாற்காலியை மட்டும் வைத்துவிட்டு அவள் மேலே வந்துவிட்டாள். நாற்காலியில் கணக்குப் புத்தகம். அவ்வளவுதான். மாடிப்படி வளைவிலிருந்து நாங்கள் எட்டிப் பார்த்தோம். மக்கள் காலி நாற்காலிக்கும் ஒத்துழைத்தார்கள். பல் டாக்டர் அதைப் பார்த்து, "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டு, பாட்டு டீச்சருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நாற்காலியையும் எடுத்துவிட்டோம். இப்போது யார் கவனிப்பது? வக்கீல் என்னை நியமித்தாள். லிஃப்டுக்கு எதிரில் என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, செயினை ரிப்பேர் செய்வதுபோல உட்கார வேண்டும். கண் மட்டும் கண்ணாடியில். இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு குறை, மக்கள் நிஜமாகவே நல்லவர்களாகிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே மாஸ்டர் வந்து குந்திக்கொண்டு செயினை மாட்டிக் கொடுத்துவிட்டார். நான் மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. அடுத்த நாள் பல் டாக்டர் ஒரு சின்ன இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது இதற்கு முன் எங்கே போய்விட்டு வந்தது என்று நான் கேட்கவில்லை. பாட்டு டீச்சர் டீ கொண்டுவந்தார். வாரக் கடைசியில் என் சைக்கிள், வாங்கிய அன்று ஓடியதைவிட நன்றாக ஓடியது.

வேடிக்கை என்னவென்றால், நாற்காலி போன பிறகும் கதவை யாரும் மூடவில்லை. வக்கீலுக்கே குழப்பம்.

"இப்ப யாரும் பாக்கலியேண்ணா. அப்புறமும் ஏன்?"

அதற்கான பதில் எனக்கு லிஃப்டுக்குள்ளேயே கிடைத்தது. உள்ளே போனால் மாஸ்டர், பாட்டு டீச்சர், பல் டாக்டர் மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நபர் ஏழு மேல் மாடிதான்," என்றார் பல் டாக்டர். "கீழ இருக்கறவங்களுக்கு அவ்வளவு நேரம் கட்டை விரல் தாங்காது."

"கட்டை விரல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாட்டு டீச்சர் சட்டென்று.

"பாப்பாவோட அம்மா சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் சொன்னாங்க."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

"எங்கிட்டயும்," என்றார் மாஸ்டர். "நான் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்தேன், கண்ணாடியத் தட்டிச் சொன்னாங்க."

அம்மா வக்கீலின் தாளை எட்டிப் பார்த்து, நபர் ஏழின் கட்டை விரலைப் பற்றிக் கட்டடம் முழுவதற்கும் தனித்தனியாக ரகசியமாகச் சொல்லியிருந்தாள். ஆள் யார் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் பேச ஒரு விஷயம் இருந்தது. அதைப் பேச லிஃப்டைவிட நல்ல இடம் இல்லை. சிலர் தங்கள் மாடி வந்த பிறகும் இறங்காமல், பேச்சு முடியும் வரை இன்னொரு தடவை மேலே போய் வந்தார்கள். பாட்டு டீச்சருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள இத்தனை வருடமாக ஆசை இருந்தது மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா தினமும் இந்தப் பேச்சில் முழு மூச்சாகக் கலந்துகொண்டார். அவருக்குப் பலர் மேல் சந்தேகம். பட்டியலில் நானும் இருந்தேன்.

குழுவின் முன் நிற்கும் நாள் வந்தது. அப்பா முந்தைய வாரமே அறிவிப்பு ஒட்டிவிட்டார்: *நமது ஆராய்ச்சியின் முடிவுகள் பள்ளி அரங்கில் வெளியாகும். ஆராயப்பட்ட அனைவரும் வருக.* ஆராயப்பட்டவர்கள் பாதிக் கட்டடமாக இஸ்திரி போட்ட உடையில் வந்து இறங்கினார்கள். எரிமலைக்காரர்களின் பெற்றோர் ஆளுக்கு இரண்டு பேர். எங்கள் பக்கம் மூன்று வரிசை. மாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, நான் பாஸா?"

"அங்கிள், பரீட்சை எழுதறது என் தங்கச்சி."

"அது சரி. ஆனா நான் பாஸா?"

மேடையில் குழு. நடுவில் தலைமையாசிரியை. அவருக்கு முதல் தலைப்பு இன்னும் நினைவிருந்தது முகத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் உயிரியல் மிஸ், நகத்தைக் கடித்துக்கொண்டு. இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட பேராசிரியை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, நான்கு எரிமலைகளைப் பார்த்த அலுப்போடு உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் நன்றாகப் பேசினாள். முதல் வாரம், அறிவிப்பு, வெள்ளைத் தாள், காலி நாற்காலி, சைக்கிள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பார்க்கிறார்கள் என்பதற்காகக் கதவைப் பிடித்தவர்கள், பிறகு பேச்சு ருசித்துப்போய்ப் பிடித்தார்கள் என்றாள். பேராசிரியையின் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. நபர் ஏழின் இரட்டைக் கை முறையை வக்கீல் விளக்கியபோது அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அப்பா.

"என்ன ஆளுய்யா!" என்று தொடையைத் தட்டினார். "கையையும் நீட்டிக்கிட்டு, மூடவும் மூடிக்கிட்டு!" அம்மா கைப்பையைத் திறந்து, உள்ளே எதையோ ரொம்ப நேரம் தேடினாள்.

பேச்சு முடிந்ததும் பேராசிரியை கேட்டார். "நல்லா இருக்கும்மா. ஒரு சந்தேகம். மனுஷங்களைக் கவனிக்கிற ஆராய்ச்சின்னா அவங்க சம்மதம் வேணும். உங்க பள்ளிக் கையேட்டிலேயே இருக்கு. வாங்கினியா?"

உயிரியல் மிஸ்ஸின் நகம் வாயிலேயே நின்றது. அந்தக் கையேட்டை யாரும் படித்ததில்லை என்பது அந்த ஒரு முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து அப்பாவோட அறிவிப்பு இருக்கு மேடம். எல்லாருக்கும் தெரியும்." வக்கீலின் குரல் மெலிந்தது. "முதல் வாரத்துக்கு வாங்கல. வாங்கியிருந்தா முதல் வாரமும் ரெண்டாவது வாரம் மாதிரியே ஆயிருக்கும்."

"புரியுது. ஆனா விதி விதிதான். முதல் வாரத்தை எடுத்துட்டா மீதி எதோட ஒப்பிடுவ? ஆராய்ச்சியே நிக்காதே." அவர் தலைமையாசிரியையிடம் குனிந்து ஏதோ பேசினார். நிமிர்ந்தார். "முதல் வாரம் நீ கவனிச்சவங்க இப்பவாவது சம்மதம் குடுத்தா நாங்க ஏத்துக்கறோம். ஆனா எல்லாரும் குடுக்கணும். ஒருத்தர் விடாம."

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க மேடம்."

"அப்ப கேளு."

வக்கீல் எங்கள் மூன்று வரிசைகளைப் பார்த்தாள். "முதல் வாரம் கதவை மூடினவங்க… சம்மதம்னா, கை தூக்குங்க. எத்தனாவது நபர்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மூடினவங்க மட்டும்தான் தூக்கணும்."

எல்லோரும் தங்கள் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்கள். ஊரறியக் கையைத் தூக்கி, ஆமாம், நான் பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சியில் கதவைச் சாத்தியவன்தான் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பாட்டு டீச்சர்தான் முதலில் தூக்கினார்.

"நீங்களுமா?" என்றார் மாஸ்டர் அதிர்ந்துபோய்.

"தலைவலியா இருந்தா மட்டும்," என்றார் டீச்சர்.

மாஸ்டர் தூக்கினார். பல் டாக்டர் ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையைத் தூக்கினார். பிறகு தயக்கம் உடைந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கைகள் கிளம்பின. ஒரு கை கிளம்பினால் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அந்த நாலில் இரண்டு பேர் அடுத்துத் தூக்குவார்கள். உயிரியல் மிஸ்கூட ஏதோ பழக்கத்தில் கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டார்.

வக்கீல் கண்ணால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகம் விழுந்தது.

"இன்னும் ஒருத்தர் தூக்கல."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நபர் ஏழு! "தூக்குங்க சார், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்று எங்கிருந்தோ ஒரு குரல். வக்கீல் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், சான்றிதழ் கையில். அந்த விரலை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் எழுந்து நின்றார்.

"யாருங்க அது? ஒரு பொண்ணோட படிப்பு விஷயம். தயவுசெஞ்சு ஒத்துழைங்க!" யாரும் அசையவில்லை. அப்பாவின் குரல் உயர்ந்தது. "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? மனுஷன்னா தெரியாம செய்யறதுதான். நீங்க வேணும்னே செய்யலியே! யாரோ ஓடி வர்றாங்க. நீங்க பதறிப்போய்க் கையை இப்படி நீட்டறீங்க…"

வலது கையை நீட்டிக் காட்டினார். அழகாக நீண்டது.

"அடடான்னு சொல்றீங்க. அதே நேரம் உங்களுக்கே தெரியாம இந்தக் கட்டை விரல் இப்படி…"

இடது கட்டை விரல் காற்றில் ஒரு பட்டனைத் தேடிப் போனது. தேடவே இல்லை. நேராகப் போய், சரியான உயரத்தில், ஊன்றி நின்றது. வருடக்கணக்காகத் தெரிந்த வீட்டு வாசலில் போய் நிற்பது போல.

அப்பா தன் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு நீட்டிய வலது கையைப் பார்த்தார். பிறகு பாட்டு டீச்சரை. பிறகு அம்மாவை. அம்மா கைப்பையிலிருந்து ஒருவழியாகத் தலையை எடுத்து, அவரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள்.

நீட்டிய வலது கை நீட்டியபடியே இருந்தது. அப்புறம், கம்பத்தில் கொடி ஏறுவதுபோல, மெல்ல மேலே போனது.

"சம்மதம்," என்றார் அப்பா. "செயலாளருக்கும் சம்மதம்."

சிரிப்பா கைதட்டலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் எழுந்தது. மாஸ்டர் நாற்காலியில் ஏறி நின்று தட்டினார். பாட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு பையோட நான் படி ஏறினேன் சார், ரெண்டு பையோட!" என்று சிரித்தார். யாரோ ஒரு சூரிய அடுப்பைத் தட்டிவிட்டார்கள். தலைமையாசிரியை எழுந்து ஓர் உரை நிகழ்த்த வாயெடுத்தார். பேராசிரியை அவரை முந்திக்கொண்டார்.

"நான் நிறைய ஆராய்ச்சி பார்த்திருக்கேன். ஆராயப்பட்டவங்க இவ்வளவு ஒத்துழைச்சு இப்பதான் பார்க்கறேன்." தலையை நன்றாக, கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஆட்டினார். தலைமையாசிரியை பார்த்தார். வேறு வழியில்லாமல் அவரும் ஆட்டினார். உயிரியல் மிஸ் ஆட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

வெளியே வந்ததும் அப்பா வக்கீலின் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் செருப்பால் தரையைத் தேய்த்தார்.

"ஏன் கண்ணு, எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எல்லாருக்கும் ஒரே விதிப்பா. அப்பான்னு பார்த்தா ஆராய்ச்சி பண்ண முடியுமா?"

"அதுவும் சரிதான்." யோசித்தார். "நிறைய தடவையோ?"

"சொல்ல மாட்டேன்."

"மத்தவங்களோட ஒப்பிட்டா?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதலிடம்பா. ரெண்டாவது ஆள் கிட்டகூட வரல."

அப்பா வருத்தப்படத்தான் முயன்றார். ஆனால் முதலிடம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கட்டடத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் ஒரே தடவையில் லிஃப்டுக்குள் ஏறினார்கள். மாஸ்டர் உள்ளே நின்று, "வரலாம், வரலாம்" என்றார். வக்கீலை நடுவில் நிறுத்தினார்கள். கடைசியாக அப்பா கால் வைத்ததும், எடை தாங்காமல் மணி அலறியது. யாராவது ஒருவர் இறங்க வேண்டும். அப்பா வைத்த காலை எடுத்தார்.

"நீங்க எல்லாம் போங்க. நான் படியில வரேன்." இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி மேலே தூக்கிக் காட்டினார். "பாருங்க. நான் எதையும் தொடல."

"அதெப்படி சார் உங்கள விட்டுட்டுப் போறது?" என்றார் பாட்டு டீச்சர். உள்ளிருந்து ஒரு கை திறக்கும் பட்டனுக்குப் போனது. அதன் மேல் இன்னொரு கை. அதற்கும் மேல் பல் டாக்டருடையது. யார் இறங்குவது என்று உள்ளே வாக்குவாதம் ஆரம்பித்தது. எல்லோரும் தானே இறங்குவதாகச் சண்டை போட்டார்கள், ஒருவரும் இறங்கவில்லை, எல்லோர் விரலும் பட்டனில் இருந்தது. மேலே ஐந்தாவது மாடியில் யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் நடுவில் நசுங்கியபடி என்னைத் தேடினாள்.

"அண்ணா, பென்சில் வச்சிருக்கியா?"

"எதுக்கு?" என்றேன் நான்.